ஒற்றைத் தையல் பை

அக்கா முதலில் தைத்த பையில் இரண்டு பிடிகள், ஒரு ஜிப், உள்ளே ஒரு சிறு அறை, அட்டை வைத்துத் தைத்த அடித்தளம் எல்லாம் இருந்தன. கடைசியாகத் தைத்த பையில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. இரண்டுக்கும் இடையே ஏழு மாதங்கள் கழிந்தன. ஒவ்வொரு முறையும் முந்தைய பையிலிருந்து ஒன்றை அவள் எடுத்துவிட்டாள். முதலில் போனது ஜிப், பிறகு அறை, பிறகு தளம். பிடிகளை எடுக்க மட்டும் நெடுநாள் ஆயிற்று. பிடி இல்லாத பையை எப்படித் தூக்குவது என்பதற்கு விடை கிடைக்கும்வரை அவற்றில் அவள் கைவைக்கவில்லை.

அந்தத் தையல் இயந்திரம் அவளுடைய சீர்வரிசையில் ஒன்றாக ஒட்டன்சத்திரத்தில் ஒரு வீட்டிற்குப் போயிருந்தது. பதினாறு மாதங்களுக்குப் பின் அவளோடு திரும்பி வந்தது. அப்பா அந்த ஊர்க் காய்கறி மண்டியில் எடை போடுபவர். மண்டிக்கு வெண்டைக்காய் இறக்கிவிட்டுத் திண்டுக்கல்லுக்குக் காலியாகத் திரும்பும் ஒரு வண்டியில் அதை ஏற்றிக்கொண்டு வந்தார். அவள் திரும்புவதற்கு முந்தைய நாள் அவளுடைய மாமியார் தொலைபேசியில் அம்மாவிடம் பேசினார்.

"உங்க புள்ளைக்கு ஒண்ணுமே தெரியலீங்க. சொல்லிக் குடுத்தாலும் ஏறலீங்க. நாங்களும் எத்தன நாளுக்குங்க பாக்கறது?"

அம்மா ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் அந்தச் சொற்களை நான் அடுக்களை வாசலில் நின்று கேட்டேன். அக்காவும் கேட்டிருக்கிறாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த வீட்டில், அடுத்த அறையில், மாமியார் பேசி முடிக்கும்வரை அவள் பெட்டியில் புடவைகளை அடுக்கிக்கொண்டிருந்தாளாம். வீட்டிற்கு வந்தபின் அவள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. ரவிக்கைகள் தைத்துக் கொடுத்தாள். மீந்த நேரத்தில் பை தைத்தாள்.

கடைசியாக வந்த பன்னிரண்டாவது பை காடாத்துணியில் ஆனது. வெளுக்காத, சாயமேற்றாத, மங்கிய பால்நிறத் துணி. அதைக் குறுக்குவாட்டில் சாய்த்து மடித்து, ஓரங்களைச் சுற்றிச் சுற்றி ஒரே ஓட்டமாகத் தைத்திருந்தாள். மேலே இரண்டு முனைகள் முயல்காதுகள்போல எழுந்து நின்றன. ஒரு காதில் சட்டைப் பித்தானுக்குப் போடுவதைப் போன்ற, ஆனால் அதைவிட நீளமான, ஒரு காஜா. அக்கா உள்ளே ஒரு தேங்காயை வைத்தாள். ஒரு காதை மற்றதன் காஜாவுக்குள் நுழைத்து மேலே இழுத்தாள். தேங்காயின் கனம் துணியைக் கீழே இழுக்க, பையின் வாய் தானாக மூடிக்கொண்டது. வெளியே வந்த காதே பிடியாயிற்று.

"அடியே, இதென்ன முடிச்சா மந்திரமா?" என்றார் அம்மா.

நான் பையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "ஒண்ணுமே இல்லையேக்கா இதுல."

"அதுக்குத்தான்டி இம்புட்டு நாளு" என்றாள் அக்கா. அவள் திரும்பி வந்தபின் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

பொருள்களின் வடிவத்தைப் பதிவு செய்துகொள்ளலாம் என்று கல்லூரியில் யாரோ பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டு, விண்ணப்பப் படிவத்தை அச்செடுத்து வந்தவள் நான். நான் தமிழ் இலக்கியம் முதுகலை படிக்கிறேன், சட்டம் தெரியாது, ஆனால் கட்டங்களைப் பிழையின்றி நிரப்புவேன் என்ற நம்பிக்கை உண்டு. நிரப்பினேன். அம்மா அதை வாங்கி, நான்கு மூலைகளிலும் மஞ்சள் தடவி, சாமிப் படங்களுக்கு முன்னால் வைத்தார்.

"நாளைக்கே அனுப்பிரலாம்மா" என்றேன்.

"இருடி. மொதமொதல்ல ஒரு நல்ல காரியத்துல போகட்டும். அதுக்குப் பெறகு கவருமெண்டுக்குப் போகட்டும்."

அம்மா எதை அஞ்சினார் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். வாழாமல் வந்தவள் கைபட்டது என்று யாராவது ஒரு சொல் சொல்லிவிட்டால் அந்தப் பையை எந்தக் கல்யாண வீடும் வாங்காது. ஆகவே அதன் முதல் பயணம் ஒரு மண்டபத்தின் வழியாக இருக்க வேண்டும். மங்கலம் அதன்மேல் படிந்த பிறகு எவரும் வாய் திறக்க மாட்டார்கள். அன்று அது எனக்கும் நியாயமாகவே பட்டது. படிவம் எங்கும் போய்விடாது, படங்களுக்கு முன்னால்தானே இருக்கிறது என்று நினைத்தேன்.

ஆவணியில் எரியோட்டில் பெரியப்பா மகனுக்குக் கல்யாணம். எங்கள் பக்கம் ஒவ்வொரு வீட்டு விசேஷத்துக்கும் உறவுக்காரர்கள் ஏதாவது ஒன்றைப் பொறுப்பேற்றுச் செய்ய வேண்டும், செய்முறை என்போம். அந்தக் கல்யாணத்தின் தாம்பூலப் பைகள் அக்காவின் செய்முறை என்று முடிவாயிற்று. முந்நூறு பைகளை அவள் ஒருத்தியாகவே தைத்தாள்.

பையை எப்படித் திறந்து மூடுவது என்று வருபவர்களுக்குத் தெரியாதே என்பதால் ஒவ்வொன்றிலும் ஓர் அட்டை வைக்கலாம் என்றேன். எழுதும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். எட்டு வரிகளை எழுத மூன்று நாள்கள் ஆயின.

இரண்டு முழ நீளமும் ஒரு முழ அகலமும் உள்ள ஒரே துணி.
குறுக்கே சாய்த்து மடித்து, ஓரங்களை ஒரே தையலில் சேர்த்தது.
மேலே எழும் இரு காதுகளில் ஒன்றில் ஒரு காஜா.
மற்றக் காதை அதனுள் நுழைத்து இழுத்தால் அதுவே பிடி.
உள்ளே வைக்கும் பொருளின் கனமே வாயை மூடும்.
காதை உருவிவிட்டால் தட்டையாகும். மடித்தால் உள்ளங்கையில் அடங்கும்.
ஜிப் இல்லை, பித்தான் இல்லை, தனிப் பிடி இல்லை.
என் அக்கா யோசித்துச் செய்தது.

"அளவெல்லாம் எதுக்குடி?" என்று கேட்டாள் அக்கா. "தொறக்கத்தான சொல்லணும்?"

"முழுசா இருக்கட்டும்க்கா."

அளவு இல்லாத விவரணை எனக்குக் குறையாகத் தோன்றியது. அவ்வளவுதான் காரணம். கடைசி வரியில் அவள் பெயரைப் போட்டிருந்தேன். அதை அவள்தான் அடிக்கச் சொன்னாள். "கல்யாண வீட்டு அட்டையில என் பேரு வேணாம். யாராச்சும் படிச்சுட்டு மொகத்தச் சுளிப்பாங்க. அக்கான்னு போடு. எல்லாருக்கும் ஒரு அக்கா இருப்பாள்ல." பெயர் போயிற்று, அக்கா நின்றாள்.

கல்யாணத்தன்று அவள் மண்டபத்தின் சாமான் அறைக்குள்ளேயே இருந்தாள். யாரும் அவளை உள்ளே இருக்கச் சொல்லவில்லை. வெளியே வா என்றும் யாரும் அழைக்கவில்லை. அவள் தேங்காயும் வெற்றிலையும் வைத்துக் கட்டித் தர, நான் வாசலில் நின்று கொடுத்தேன். வாங்கியவர்கள் பையை உயர்த்திப் பார்த்தார்கள், காதை இழுத்தார்கள், சிரித்தார்கள். ஒரு பெண் தன் பிள்ளையிடம், "பாருடா, முயலு!" என்றாள். ஒவ்வொன்றையும் நான் உள்ளே ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். அவள் தலை நிமிராமல், "ம்" என்பாள், அடுத்த தேங்காயை எடுப்பாள், அவளுடைய காதுநுனிகள் சிவந்திருக்கும்.

பெண் வீட்டார் வழியில் தூரத்து உறவினர் ஒருவர் மட்டும் வாசலிலேயே நின்று பையை உள்பக்கம் வெளியே வருமாறு புரட்டினார். திண்டுக்கல் கடைவீதியில் கல்யாணச் சாமான் கடை வைத்திருப்பவர் என்று பெரியம்மா சொல்லியிருந்தார்.

"காஜா எத்தன இஞ்சு பாப்பா?"

"ரெண்டேகால் இஞ்ச், மாமா" என்றேன். அட்டையில் விட்டுப்போன ஒரே அளவு அது.

அதன் பிறகு எனக்குத் தேர்வு வந்தது. அக்காவுக்குத் தீபாவளி ரவிக்கைகள் குவிந்தன. படிவத்தின் மூலைகளில் மஞ்சள் உலர்ந்து நிறம் மாறியது.

ஐப்பசியில் நூல்கண்டு வாங்க அக்காவும் நானும் கடைவீதிக்குப் போனோம். அந்தக் கல்யாணச் சாமான் கடையின் வாசலில் கயிறு கட்டி, மஞ்சளிலும் சிவப்பிலும் பைகள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. மணமக்கள் பெயரை அச்சிட இடம் விட்டுப் பூ வரைந்திருந்தார்கள். மற்றபடி அவை அக்காவின் பைகள். நான் நின்றுவிட்டேன். அக்கா நேராகப் போய் ஒரு பையின் காதைப் பிடித்தாள்.

"காஜா நூலு பிரியுது" என்றாள். அதுதான் அவள் முதலில் சொன்னது.

கடைக்காரர் எங்களைக் கண்டதும் எழுந்தார். அவர் முகத்தில் குற்ற உணர்வின் சாயல்கூட இல்லை, உண்மையாகவே மகிழ்ந்தார்.

"வா தாயி, வா! எரியோட்டுக் கல்யாணத்துப் புள்ளைகதான? காப்பி சொல்லவா? ஒங்க பை சக்கப்போடு போடுது. பழனி, கீரனூரு, ஒட்டன்சத்திரம்னு எல்லாப் பக்கமும் போகுது."

"இது என்னோடதுங்க மாமா" என்றாள் அக்கா, மிகத் தாழ்ந்த குரலில்.

"ஒன்னோடதுன்னா? துணிய மடிக்கிறதுக்குப் பட்டா வாங்கி வச்சிருக்கியா?"

பக்கத்தில் குங்குமச் சிமிழ் பொறுக்கிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் சிரித்தாள். "அப்ப எங்க வீட்டுக்காரரு வேட்டிய மடிச்சுக் கட்டுறதுக்கும் ஒரு ஆளத் தேடிப்போயிக் கேக்கணுமாக்கும்!"

"கேளு கேளு" என்றார் கடைக்காரர். பிறகு அக்காவைப் பார்த்துக் கொஞ்சம் கனிந்த குரலில், "தப்பா எடுத்துக்காத தாயி. நீ என்ன ஏரோப்பிளேனா செஞ்ச? ரெண்டு முழத் துணி, ஒரு தையலு. நான் செத்த நேரம் ஒக்காந்து யோசிச்சிருந்தா நானே செஞ்சிருப்பேன்."

யோசிக்கவில்லையே என்ற சொல் என் வாய்வரை வந்து நின்றது. வீட்டில் எட்டு வரிக்கு மூன்று நாள் எடுத்துக்கொள்பவளுக்குக் கடை வாசலில் ஒரு சொல் வரவில்லை.

"அட்டையக்கூட மாத்தல, பாரு" என்று ஒரு பைக்குள்ளிருந்து எடுத்து நீட்டினார். "அம்புட்டு நல்லா எழுதிருக்கு. அப்படியே அச்சடிக்கச் சொல்லிட்டேன்."

எட்டு வரிகளும் அப்படியே இருந்தன. எட்டாவது வரியும்.

நீதிமன்றத்துக்கு அருகில் இருந்த ஒரு பெண் வழக்கறிஞரிடம் பையையும் அட்டையையும் கொண்டுபோனோம். அவர் பையை வாங்கித் தன் தண்ணீர் பாட்டிலை உள்ளே வைத்துத் தூக்கிப் பார்த்தார். வாய் மூடியது. மறுபடி வைத்துத் தூக்கினார்.

"ரொம்ப சிம்பிளா இருக்குன்னு தள்ளிருவாங்களா மேடம்?" என்று கேட்டேன்.

"சிம்பிளா இருக்குறது குத்தம் இல்லம்மா. புதுசா இருந்தாப் பதிவு கெடைக்கலாம். ஆனா வெளியில யாரும் பாக்குறதுக்கு முன்னாடி விண்ணப்பம் போயிருக்கணும். இத எத்தன பேருக்குக் குடுத்தீங்க?"

"முந்நூறு பேருக்கு."

"எப்ப?"

"ஆவணியில. கல்யாணத்துல."

அவர் பேனாவை மூடி வைத்தார்.

"வித்தது இல்லீங்க மேடம்" என்றாள் அக்கா. "செய்முறைக்குச் சும்மா குடுத்தது."

"வித்தாலும் குடுத்தாலும் ஒண்ணுதாம்மா. ஊரு பாத்துருச்சு. இனி அது புதுசு இல்ல." எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு அவர் மெல்லத் தொடர்ந்தார். "அந்தப் பக்கத்தையும் பாருங்க. ஒவ்வொரு மடிப்பையும் ஒருத்தர் வளைச்சுப் போட்டுட்டா, நாளைக்கு உங்கள மாதிரி இன்னொரு பொண்ணு வீட்டுல உக்காந்து ஒண்ணு தைக்க முடியாது. அதனாலதான் சட்டம் இதுல கறாரா இருக்கு."

பிறகு அட்டையை எடுத்தார். படித்தார். "இது யாரு எழுதினது?"

"நான்" என்றேன்.

"இத அவங்க அச்சடிக்கக் கூடாது. எழுத்துக்குப் பதிவே வேண்டாம். எழுதின அன்னைக்கே அது உங்களுது. வேணும்னா இதுக்கு நோட்டீஸ் அனுப்பலாம்."

அக்கா என் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. ஒரு கணக்கின் விடையைச் சரிபார்ப்பவளைப் போலப் பேசினாள்.

"அப்ப நீ சொன்னது உன்னுது. நான் செஞ்சது ஊருது."

பேருந்தில் திரும்பும்போது அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்களை மூடிக்கொண்டாள். நான் வழக்கறிஞரின் சொற்களை மனத்துக்குள் திரும்பத் திரும்ப எடுத்து வைத்தேன். அவர் சொன்னதில் பிழை இல்லை. மடிப்பு எல்லாருக்கும் உரியதுதான். துணியின் சாய்வையும் தேங்காயின் கனத்தையும் அக்கா படைக்கவில்லை. ஆயினும் எளிமையான ஒன்றைப் பார்க்கும் கண் அதன் முடிவை மட்டுமே பார்க்கிறது. ஜிப்பும் அறையும் தளமும் பிடியும் எங்கே போயின என்று அந்தப் பை யாரிடமும் சொல்வதில்லை. பூவேலை செய்த ஒரு பட்டுப் பையைத் திருடியிருந்தால் ஊசி குத்திய இடங்களை எண்ணிக்காட்டி, இத்தனை உழைப்பு என்று வாதாடியிருக்கலாம். எடுத்துவிட்டவற்றை எண்ணிக் காட்டுவது எப்படி? உழைப்பின் தடத்தையெல்லாம் அழிப்பதே அவளுடைய உழைப்பாக இருந்தது. அதை அவள் அத்தனை நன்றாகச் செய்திருந்ததால்தான், செத்த நேரம் யோசித்திருந்தால் நானே செய்திருப்பேன் என்று ஒருவரால் சொல்ல முடிந்தது. நெடுங்காலத்துக்குப் பூட்டிவைக்க வேண்டாம். சில ஆண்டுகள், அதுவும் இல்லையென்றால், செய்தவள் இவள் என்று சொல்லும் கடமை மட்டுமாவது. இதை ஒரு சட்டம் கேட்டு வாங்கித் தரக் கூடாதா? எனக்கு இன்னும் விடை தெரியவில்லை. விடை தெரியாத அந்த நிலையில்தான், படிவத்தை அனுப்பாமல் விட்டதற்கு அடுத்ததாக, நான் இரண்டாவது பிழையைச் செய்தேன்.

நோட்டீஸ் அனுப்பினேன். அக்காவிடம் சொல்லவில்லை. ஏதாவது ஒன்றில் நாங்கள் வெல்ல வேண்டும் என்று இருந்தது. வெல்லக் கூடியதாக என் எட்டு வரிகள் மட்டுமே இருந்தன.

பத்து நாளுக்குள் கடைக்காரர் தொலைபேசியில் அழைத்தார். குரலில் சிறு வருத்தம்கூட இருந்தது.

"என்ன பாப்பா, வக்கீலு வரைக்கும் போயிட்ட? அட்டைதான? எங்கிட்ட வந்து சொல்லிருந்தா அன்னைக்கே எடுத்திருப்பேனே. எடுக்கச் சொல்லிட்டேன், எல்லாத்துலயும். அம்புட்டுத்தான?"

"அவ்வளவுதான்" என்றேன்.

அன்று மாலை அக்கா ரவிக்கைத் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். நான் அவளெதிரில் உட்கார்ந்து, அடக்கிக்கொள்ள முடியாத ஒரு பெருமையோடு, நடந்ததைச் சொன்னேன். கத்தரிக்கோல் துணியின் நடுவில் நின்றது.

"எல்லா அட்டையையுமா?"

"எல்லாத்தையும்."

அவள் எழுந்து தன் பெட்டியைத் திறந்தாள். புடவைகளின் அடியிலிருந்து நான்கு அட்டைகளை எடுத்து என் முன்னால் வைத்தாள். அவை நாங்கள் அச்சடித்தவை அல்ல. தாள் மெலிது, எழுத்து சற்றுப் பெரிது. அந்தக் கடையின் அட்டைகள். பழனிக்குப் போனவர்கள், உறவுக்காரர்கள், ரவிக்கை கொடுக்க வந்தவர்கள் என்று யார் யாரோ கொண்டுவந்த பைகளிலிருந்து கேட்டு வாங்கி வைத்திருக்கிறாள்.

"இது கீரனூர்ல ஒரு காதுகுத்துல குடுத்தது" என்றாள், ஒன்றைத் தொட்டு. "இது ஒட்டன்சத்திரத்துல. நான் வாக்கப்பட்ட தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளி."

நான் அந்த அட்டையைக் கையில் எடுத்தேன்.

"அந்த வீட்டுக்கும் ஒரு பை போயிருக்கும்டி. அந்தம்மா அட்டையப் படிச்சிருக்கும். என் அக்கா யோசித்துச் செய்ததுன்னு."

"அது நீதான்னு அவங்களுக்குத் தெரியாதேக்கா."

"தெரியாதுதான். எனக்குத் தெரியும்ல."

என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் உட்கார்ந்து, கத்தரிக்கோல் நின்ற இடத்திலிருந்து துணியை வெட்டத் தொடங்கினாள், கோடு பிசகவில்லை. பை திருடுபோனபோதும் அதனோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த ஒரு வரியை, முழுமையான உரிமையோடு, சட்டத்தின் துணையோடு, அதை எழுதிய நானே நிறுத்தியிருந்தேன். மறுநாள் காலையில் கடைக்காரரை அழைத்து, அட்டையைத் திரும்ப வைக்கச் சொல்லிக் கேட்டேன்.

"வேணாம் பாப்பா" என்றார். "வக்கீலு காயிதத்தப் பாத்ததுல இருந்து வீட்டுல பயப்படுறாக. அட்டை இல்லாமலே நல்லாத்தான் போகுது. எல்லாருக்கும் இப்ப தொறக்கத் தெரியுமே."

அக்கா பிறகு பை தைக்கவில்லை. படிவத்தை அம்மா ஒருநாள் சாமிப் படங்களுக்கு முன்னாலிருந்து எடுத்தார். மஞ்சள் பட்ட தாளைக் கிழித்துப் போடலாமா என்று தெரியாமல், மடித்து அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தார். அது அங்கேதான் இருக்கிறது.

போன மாதம் என்னுடன் படிப்பவளின் அண்ணனுக்குக் கல்யாணம். மண்டப வாசலில் சிவப்பு நிறத்தில் அந்தப் பையைக் கொடுத்தார்கள். முன்னால் சென்ற ஒரு கிழவர், யாரும் சொல்லித் தராமலேயே, காதை உருவி எடுத்து உள்ளே பார்த்துவிட்டு மீண்டும் காஜாவில் நுழைத்து இழுத்தார். வாய் மூடியது. நான் தெருவோரம் ஒதுங்கி நின்று என் பைக்குள் கைவிட்டேன். தேங்காயின் அடியில், வெற்றிலைகளின் இடையில், ஓரங்களில் என்று ஒவ்வொரு மூலையாகத் தொட்டுப் பார்த்தேன். அட்டை இல்லை என்று தெரியும். ஆனாலும் எங்கே யார் கொடுத்தாலும் ஒருமுறை கைவிட்டுத் தேடிவிட்டுத்தான் அதை வீட்டிற்கு எடுத்துப் போகிறேன். அக்காவின் கண்ணில் படாமல் உள்ளே கொண்டுபோய், தேங்காயை எடுத்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு, பையை உள்ளங்கைக்குள் அடங்கும்படி மடித்து என் புத்தகங்களுக்குப் பின்னால் வைக்கிறேன்.